பரணில் மாதிரி ரயில் மக்கர் பண்ணினால்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

அக்கா வீடு சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் பக்கம் ஒரு பழைய வரிசை வீடு. ஓட்டுக்கூரைக்குக் கீழே கைமரமும் ரீப்பரும் அப்படியே தெரிகிற ஒரு பரண். தரைகூட முழுசாகப் போடவில்லை. ஒரு தீபாவளி அன்று அத்தான், "சும்மாதானே கிடக்குது, உன் ரயிலை எல்லாம் தூக்கிட்டு வந்து இங்க வை" என்றார். என் நாலறை வீட்டில் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடந்த தண்டவாளம் எல்லாம் மறு வாரமே அங்கே போய்ச் சேர்ந்தது. யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கான தண்டனையை மூன்று வருடமாக அனுபவித்துவிட்டேன்.

அந்த மூன்று வருடத்தில் எஞ்சினைத் திருகு கழற்றிப் பிரித்த தடவைகளில் முக்கால்வாசி, கோளாறு எஞ்சினில் இல்லவே இல்லை. கூரையில் இருந்தது, பலகையில் இருந்தது, இல்லாவிட்டால் கம்பியில் இருந்தது. அதனால் கீழே ஒவ்வொரு குறிக்கும் முதலில் அறையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வண்டியைக் கடைசியில்தான். என்னுடையது 'என்' (N) கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 9 மி.மீ., ஜப்பானிய வண்டிகள், 1:150 அளவு. எச்ஓ (HO) கேஜ் வைத்திருப்பவர்கள் (16.5 மி.மீ., 1:87) நீள அகலங்களை ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். குறிகளும் காரணங்களும் மாறாது.

"பிளான் தாளில் பொருந்துகிறது, பரணில் பொருந்தவில்லை"

பரணில் தரையை அளந்து பிளான் போடுவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தப்பு. நானும் அதையேதான் செய்தேன். நீளம் 5.5 மீட்டர், அகலம் 5 மீட்டர். பெரிய ஹால் அளவு இடம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். ஆனால் பரணில் அளக்க வேண்டியது தரையை இல்லை, உயரத்தை.

கூரைச் சரிவு 30 டிகிரி என்றால், முகட்டிலிருந்து பக்கவாட்டில் ஒரு மீட்டர் தள்ளினால் உயரம் 58 செ.மீ. குறையும். எங்கள் முகடு தரையிலிருந்து 2.3 மீட்டர். 1.75 மீட்டர் உயரம் இருந்தால்தான் நான் தலை இடிக்காமல் நிற்க முடியும். கணக்குப் போட்டால், நடுவில் 1.9 மீட்டர் அகலமுள்ள ஒரு சந்து மட்டும்தான் நான் நிற்கிற இடம். ஐந்து மீட்டர் அகலப் பரணில் மீதி எல்லாம் குனிகிற இடம், தவழ்கிற இடம்.

இப்போது மேசையை வைத்துப் பாருங்கள். நின்றுகொண்டு வேலை செய்ய வசதி என்று 110 செ.மீ. உயரத்தில் போட்டேன். மேசையின் பின் விளிம்புக்கு மேலே மரம், கட்டடம், பின்னணிப் படம் எல்லாம் வைக்க 35 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். அப்படியானால் முகட்டிலிருந்து 1.47 மீட்டர் வரைதான் மேசை போக முடியும். அதையே 75 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் 2.08 மீட்டர் வரை போகலாம். 35 செ.மீ. இறக்கியதற்குப் பக்கத்துக்கு 61 செ.மீ. லாபம்.

அந்த 61 செ.மீட்டரையும் மேசையாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கை எட்டுகிற தூரம் 65, 70 செ.மீ. தான். மேசை அதற்கு மேல் ஆழமாக இருந்தால், பின்னால் கவிழ்ந்த பெட்டியை எடுக்க ஊரையே கூப்பிட வேண்டும். லாபமாகக் கிடைத்த இடத்தை நடைபாதைக்குக் கொடுங்கள். சரிவுக்குக் கீழே தாழ்வான மேசை, அதன் எதிரே சக்கரம் வைத்த முக்காலி, உட்கார்ந்தபடியே வேலை. நின்றுகொண்டு குனிகிறபோது தலை முன்னே போகும், கூரை கீழே வரும். முதல் மாதம் முழுக்க என் நெற்றியில் ரீப்பர் அளவுக்கு ஒரு கோடு இருந்தது.

சோதித்துப் பார்க்க எளிய வழி: தண்டவாளம் வாங்குவதற்கு முன்னால் பழைய அட்டைப் பெட்டிகளை நினைத்திருக்கும் மேசை உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு துணி விரித்து, பின்மூலையில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். அதை எடுத்து வர முடிகிறதா? தலை இடிக்கவில்லையே? பாஸ்.

"செய்த பலகை மேலே ஏறவில்லை"

பரண் வழியின் அளவைக் கதவு அளவாக நினைத்துக்கொண்டதால் வருவது. எங்கள் வாசல் 60 செ.மீ. சதுரம், அதற்கு மேலே உடனே ஒரு குறுக்குச் சட்டம். 60 செ.மீ. பலகை அதில் நுழையாது. ஏணியில் நின்றுகொண்டு சாய்த்துத் திருப்புவதற்கு 5 செ.மீ. விட்டுவிட வேண்டும். இப்போது என் துண்டுகள் எல்லாம் 120 × 55. போல்ட் போட்டு இணைத்திருக்கிறேன், எதையும் ஒட்டவில்லை. அக்கா வீட்டை விற்கிறேன் என்று சொன்னால் ஒரு சனிக்கிழமையில் இறக்கிவிடலாம்.

"நடந்தால் வண்டி குலுங்குகிறது, கீழே அறையில் விரிசல்"

உடனே நிறுத்துங்கள். முடிக்காத பரணில் நீங்கள் தரை என்று நினைப்பது பல இடத்தில் கீழ் அறையின் மேல்தட்டுப் பலகைதான். அது ஆளைத் தாங்காது. உத்தரங்களின் மேல் மட்டும் கால் வையுங்கள். முதலில் உத்தரங்களுக்குக் குறுக்கே கனமான பிளைவுட் போட்டுத் திருகி நடைபாதை செய்யுங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். மேசைக் கால்களும் உத்தரத்தின் மேல்தான் நிற்க வேண்டும். உத்தரத்தை வெட்டுவது, கைமரத்தை நகர்த்துவது, பரணை முறையான அறையாக மாற்றுவது எல்லாம் கட்டட அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம். அதற்குத் தகுதிபெற்ற பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் கட்டடங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்துவது 1989-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டிய வீடு என்றால், பரணில் கிடக்கிற நெளிதகடும் மேல்தட்டுப் பலகையும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கம்பி விட ஒரு ஓட்டை போடலாமே என்று டிரில்லை எடுக்காதீர்கள். மாதிரியைச் சோதித்துவிட்டு, இருந்தால் அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

"காலையில் நன்றாக ஓடுகிறது, மதியம் தடம் புரள்கிறது"

எனக்கு அதிகத் தூக்கம் கெடுத்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, காப்பியும் கையுமாக, எட்டுப் பெட்டி வண்டி ஒரு மணி நேரம் நிற்காமல் சுற்றும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு மேலே ஏறினால் மூன்றாவது பெட்டி வடக்குப் பக்க நேர்ப்பாதையில் கவிழும். மாலை ஏழுக்கு மறுபடி ஒழுங்காக ஓடும். சக்கரத்தை மாற்றினேன், இணைப்புக் கொக்கியை மாற்றினேன், பெட்டிக்கு எடை கூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மதியம் டார்ச்சைத் தண்டவாளத்தோடு படுக்க வைத்து, கன்னத்தைப் பலகையில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேராக இருக்க வேண்டிய பாதை இரண்டு ஆணிக்கு நடுவில் மெதுவாக இடப்பக்கம் விலகி மறுபடி உள்ளே வந்தது. பாம்பு நெளிகிற மாதிரி. விரலால் தொட்டால் தெரியவில்லை, ஒளியில் மட்டும் தெரிந்தது. மேலே தொங்கவிட்டிருந்த வெப்பமானி 43 டிகிரி காட்டியது. காலையில் அதே மானி 25.

என்ன நடக்கிறது என்றால்: நம் தண்டவாளம் நிக்கல் சில்வர். ஒரு மீட்டர் தண்டவாளம் 18 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளும். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையும் இறுகியிருக்கிற ஒரு மீட்டர் பாதை 0.3 மி.மீ. கூட நீள நேர்ந்தால், பிடிமானம் எதுவும் இல்லாதபோது அது நடுவில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளும். வடிவியல் அப்படி. ஆணியும் பசையும் பிடித்துக்கொண்டிருப்பதால் அவ்வளவு போவதில்லை. ஆனால் 9 மி.மீ. பாதையில் ஒரு மில்லிமீட்டர் நெளிவே போதும்.

இது பாதிக் கதை. மீதி மரத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், மழையில்லாத பிற்பகலில் 60 சதவீத அளவு. அது வெளியே. பரணில், அதே காற்று 25-இலிருந்து 43 டிகிரிக்குப் போகும்போது ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. நீராவி குறையவில்லை, சூட்டுக் காற்றின் கொள்ளளவு பெருகிவிட்டது. அதனால் மரம் காய்கிறது, சுருங்குகிறது. தண்டவாளம் நீளுகிற அதே நேரத்தில் அதைத் தாங்குகிற பலகை சுருங்குகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கிற மதியம் இரண்டு மணிக்குத்தான் மூன்றாவது பெட்டி கவிழ்கிறது.

சரிசெய்வது இப்படி:

முதலில் இணைப்புகளை அவிழுங்கள். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கிற ஜாய்னர் எல்லாவற்றையும் சால்டர் (ஈயப் பற்று) வைத்து ஒரே கம்பியாக ஆக்கியிருந்தேன், மின்சாரம் நன்றாகப் போகட்டும் என்று. அதுதான் என் பெரிய தப்பு. இப்போது இரண்டு துண்டை ஒன்றாகச் சால்டர் செய்து, அடுத்த இணைப்பைச் சும்மா நழுவ விட்டிருக்கிறேன். மின்சாரத்துக்கு ஒவ்வொரு இரட்டைத் துண்டுக்கும் தனிக் கம்பி.

இடைவெளி விடுவது நீங்கள் பாதை போடுகிற நேரத்தைப் பொறுத்தது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது போட்டால் மீட்டருக்கு அரை மி.மீ. விடுங்கள். மதியச் சூட்டில் போட்டால் முட்டவே விடலாம், மாலையில் தானாகத் திறந்துகொள்ளும். எங்கள் தாத்தா மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். பழைய ரயிலின் தடக் தடக் சத்தமே அந்த இடைவெளி பேசுகிறதுதான் என்பார். சின்ன ரயிலிலும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி.

ஒட்டுவதற்கு இறுகிப்போகிற மரப்பசை வேண்டாம். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி இருக்கிற அக்ரிலிக் கால்க்கை (இடுக்கு அடைக்கிற பசை) மெல்லிசாகத் தடவினால் போதும்.

பலகை: ஒரே மரத்தில் அறுத்த அகலப் பலகையைத் தவிருங்கள், இழைக்குக் குறுக்கே அதுதான் அதிகம் அசையும். பிளைவுட் எவ்வளவோ மேல். எதுவானாலும் இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து வார்னிஷ் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி வளையும்.

அப்புறம் கூரை. உண்மையான நோய் அங்கேதான். கைமரங்களுக்குக் கீழே, ஓட்டிலிருந்து இடைவெளி விட்டு அலுமினியத் தாள் இழுத்தேன். பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பக்கதிரைத் திருப்பும். எதிலாவது ஒட்டிக்கொண்டு கிடந்தால் வெறும் தாள். பிறகு முகட்டருகே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் விசிறி. என் பரணில் 43 என்பது 37 ஆயிற்று. ஏசி போடுகிறவர்கள் போடலாம், ஆனால் தாளை இழுத்துவிட்டு அப்புறம் போடுங்கள். கீழ்மாடியிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுக்கிற வேலை வேண்டாம், உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துத் தனி இணைப்புக் கொடுங்கள்.

"ஒரே இடத்துக்கு வந்ததும் மெதுவாகிறது, சில சமயம் நிற்கிறது"

முதல் கேள்வி: எல்லா எஞ்சினும் அங்கே மெதுவாகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அதன் சக்கரத்தைத் துடையுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

எல்லாமே என்றால், விரலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அந்த இடத்தைத் தேயுங்கள். கறுப்பாக வந்தால் அழுக்கு. பரணில் ஓட்டு இடுக்கு வழியாக வருகிற தூசிக்குக் கணக்கே இல்லை, புகைமூட்டக் காலத்தில் கேட்கவே வேண்டாம். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எல்லோரும் சொல்வார்கள், நானும் பயன்படுத்தினேன். சுத்தமாகிறது, ஆனால் சீக்கிரம் மறுபடி கறுக்கிறது. இப்போது பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கான்டாக்ட் கிளீனர். துணியில் தொட்டுத்தான் துடைப்பேன், நேரடியாகப் பீய்ச்சுவதில்லை. உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது போடுகிற கீறலுக்குள் அழுக்கு குடியேறிவிடும்.

வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தால் கோளாறு கம்பியில். மல்டிமீட்டரை எடுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: வண்டி எதுவும் ஓடாமல் அளந்தால் எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டும், "மின்சாரம் சரியாகத்தானே இருக்கு" என்று மூடி வைத்துவிடுவார்கள். மின்னோட்டம் போகும்போதுதான் வோல்ட் விழும். பிரச்சினை இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு அளங்கள். பவர் பேக்கின் (பாதைக்கு மின்சாரம் தருகிற பெட்டி) வாயில் 12, அந்த இடத்தில் 9 என்றால் மூன்று வோல்ட் எங்கோ தொலைகிறது. இணைப்பு இணைப்பாகப் பின்னோக்கிப் போங்கள். ஒரு ஜாய்னரின் இந்தப் பக்கம் 11.5, அந்தப் பக்கம் 9.8 என்றால் திருடன் அதுதான்.

பரணில் இது ஏன் அதிகம்? இணைப்புகள் தினமும் நீண்டு சுருங்கி, ஜாய்னரின் பிடி தளர்ந்துபோகிறது. இரவு ஈரம் அதற்குள் நுழைகிறது. நிக்கல் சில்வரும் பெயரில்தான் சில்வர். செம்போடு வைத்துப் பார்த்தால் மோசமான கடத்தி. அதனால் தண்டவாளத்தைக் கம்பியாக நம்பாதீர்கள். பலகைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி இரண்டு, சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, பரண் முழுக்கச் சுற்றி வரட்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய கம்பி மேலே ஏறட்டும். கம்பியும் இணைப்பு முனைகளும் சிம் லிம் டவர் மின்பொருள் கடைகளில் சுற்றினால் கிடைத்துவிடும். ஒரு நாள் வேலை, முதுகு வலிக்கும், அதோடு தீர்ந்தது.

டிசிசி (ஒவ்வொரு எஞ்சினுக்கும் பாதை வழியாகத் தனித்தனியாக உத்தரவு அனுப்புகிற டிஜிட்டல் முறை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாணயச் சோதனை. 20 காசை எடுத்துப் பாதையின் பல இடங்களில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தை வெட்ட வேண்டும். எங்காவது வெட்டாமல் நாணயம் சூடேறினால், அங்கே கம்பி போதவில்லை. உண்மையான ஷார்ட் ஒன்று அதே இடத்தில் வந்தால் எஞ்சினுக்குள் அந்த உத்தரவை வாங்குகிற டிகோடரோ பிளாஸ்டிக்கோ உருகும். பாதுகாப்பு வெட்டு இல்லாத சாதாரண பவர் பேக்கில் இதைச் செய்துபார்க்காதீர்கள்.

"பாயிண்ட்டைத் திருப்பியதும் எல்லாம் நின்றுவிடுகிறது"

பாயிண்ட் என்றால் பாதை இரண்டாகப் பிரிகிற இடம். இது பிளானில் பிறந்த கோளாறு. நீளமான, ஒடுக்கமான பரணில் எல்லோருக்கும் தோன்றுகிற பிளான் ஒன்று உண்டு. நடுவில் ஒற்றைப் பாதை, இரண்டு முனையிலும் வண்டி திரும்பிவர ஒரு வளையம். எனக்கும் அதுதான் தோன்றியது. புக்கிட் தீமா ரயில் நிலையத்தை நடுவில் வைக்க ஆசை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டி ஒன்றையொன்று தாண்டிப்போன இடம் அது. 2011 ஜூன் 30-ஆம் தேதி கடைசி ரயில் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கிளம்பும் வரைக்கும், ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டோக்கனை அங்கே கையால்தான் மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் வளையத்துக்குள் போன வண்டி, புறப்பட்ட பாதைக்கே எதிர்த் திசையில் திரும்பி வருகிறது. போகும்போது இடப்பக்கம் இருந்த தண்டவாளம், சுற்றி வந்து வலப்பக்கத் தண்டவாளத்தோடு சேர்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் கைகுலுக்கினால் ஷார்ட்தான். தாளில் கோடு ஒன்றாக வரைகிறவர்களுக்கு இது தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரே பாதையை இரண்டு நிறப் பென்சிலால் இரண்டு கோடாக வரையுங்கள். எங்காவது சிவப்பு நீலத்தைத் தொட்டால் அங்கேதான் நோய்.

மருந்து: வளையத்துக்குள் ஒரு பகுதியின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் பிளாஸ்டிக் ஜாய்னரால் தனிமைப்படுத்துங்கள். அந்தப் பகுதி உங்களுடைய மிக நீளமான வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். டிசிசியில், பிளஸ் மைனஸைத் தானாக மாற்றிவிடுகிற ஓர் ஆட்டோ ரிவர்சர் வைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். சாதாரண பவர் பேக்கில் ஓடுகிற டிசி முறையில், வண்டி வளையத்துக்குள் இருக்கும்போது முதன்மைப் பாதையின் திசையை ஒரு ஸ்விட்சால் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு இதெல்லாம் அலுத்துப்போய், நடுப்பாதையை இரட்டையாக்கிவிட்டேன். நாய் கடிக்கிற எலும்பு வடிவம். அப்போது அது வெறும் நசுங்கிய வட்டம்தான், ஷார்ட் வராது. புக்கிட் தீமாவில் இரட்டைப் பாதை கிடையாது என்று என் மருமகன் இன்னும் குறை சொல்கிறான்.

அவன் இன்னொன்றும் கேட்டான். மலாயா ரயில் மீட்டர் கேஜ், 1,000 மி.மீ. நம் பாதை 9 மி.மீ. அப்படியானால் அளவு 1:111 ஆக அல்லவா இருக்க வேண்டும்? சரிதான். 1:150 வண்டியை 9 மி.மீ. பாதையில் ஓட்டினால் அது 1,350 மி.மீ. கேஜ் ஆகிவிடுகிறது. ஜப்பானின் 1,067-க்கும் அதே கதிதான். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

"ஏற்றத்தில் எஞ்சின் நிற்கிறது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது"

ஒரு பாதை இன்னொன்றின் மேலே போக 5 செ.மீ. ஏற வேண்டும். 100-க்கு 2 என்ற ஏற்றத்தில் அதற்கு 2.5 மீட்டர் நீளம் வேண்டும், இறங்கவும் அதே அளவு. இடம் இல்லை என்று 100-க்கு 4-இல் ஏற்றினால் எட்டுப் பெட்டி நாலாகும். ஏற்றம் வளைவில் இருந்தால் இன்னும் மோசம். பிளானில் சரியாக இருந்தும் வழுக்கினால் சக்கரத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பரண் சூட்டில் அது பிசுபிசுத்துவிடும், இல்லாவிட்டால் விரிந்து தளரும். மாற்று வளையம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின்களைக் கீழே குளிர்ந்த அறையில் வையுங்கள்.

"நீளப் பெட்டி மட்டும் தடம் புரள்கிறது"

வளைவின் ஆரம், உங்கள் மிக நீளமான பெட்டியைப் போல மூன்று மடங்காவது இருந்தால் நிம்மதி. 20 மீட்டர் பெட்டி 1:150-இல் 13.3 செ.மீ., மூன்று மடங்கு 40 செ.மீ. கடையில் வருகிற 28 செ.மீ. ஆர வளைவிலும் ஓடத்தான் செய்யும். ஆனால் இடப்பக்க வளைவு முடிந்த கையோடு வலப்பக்க வளைவு வந்தால் இரண்டு பெட்டியின் கொக்கியும் எதிரெதிராக இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு பெட்டி நீளமாவது நேர்ப்பாதை போடுங்கள். பரண் மூலையில் கூரைக்குப் பயந்து பாதையை உள்ளே இழுக்கும்போது இந்த எஸ் வளைவு நமக்குத் தெரியாமலேயே நுழைந்துவிடும்.

"புல் ஒட்டிய இடத்தில் நிஜமாகவே ஏதோ முளைக்கிறது"

பூஞ்சை. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையால் மரத்தூளையும் புல்லையும் ஒட்டினால், நம் இரவு ஈரத்தில் அது காய நாளாகும். அதற்குள் பூஞ்சைக்கு விருந்து வைத்தாயிற்று. காகிதக் கூழால் செய்த மலை இன்னும் மோசம். மரத்தூளுக்குப் பதில் செயற்கை நுரைத் தூள், வெள்ளைப் பசைக்குப் பதில் அக்ரிலிக் மீடியம், ஒட்டுகிற வேலையைக் காலை பத்து மணிக்கு. மதியச் சூடு இந்த ஒரு காரியத்துக்காவது உதவட்டும்.

ஈரம் உறிஞ்சும் கருவியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஓட்டு இடுக்கெல்லாம் திறந்து கிடக்கும்போது அதை ஓட்டுவது ஊரில் உள்ள ஈரத்தையெல்லாம் நம் காசில் உறிஞ்சுகிற வேலை. அடைத்துவிட்டுப் போடுங்கள். மதியத்தில் போடாதீர்கள். அப்போது பரண் ஏற்கெனவே உலர்ந்துதான் இருக்கிறது, பல கருவிகள் 35 டிகிரிக்கு மேல் வேலை செய்ய ஏற்றவையும் அல்ல. இரவில் ஓடட்டும். காலையில் வாளியைக் கொட்டிவிடுங்கள். மறந்தால் கொசு முட்டையிடும், அப்புறம் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வீட்டுக்கு வந்தால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

"மழைக்கு மறுநாள் ஒரு மூலை மட்டும் ஓடவில்லை"

விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வருகிற காற்று மழை, ஓட்டுக்குக் கீழே சாய்வாக அடிக்கும். மழை பெய்யும்போதே டார்ச்சோடு மேலே போய்க் கைமரத்தைத் தடவிப் பாருங்கள். காய்ந்த பிறகு ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. நீர் சொட்டுகிற இடமும் ஓடு விலகிய இடமும் ஒன்றாக இருக்காது, கைமரம் வழியாக ஒரு மீட்டர் வழிந்து வந்துதான் சொட்டும். ஒழுகிய இடத்தில் பலகைக்கு அடியில் மண் கோடு மாதிரி ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கறையான் என்றால் ரயிலை மறந்துவிட்டு அத்தானிடம் ஓடுங்கள்.

"நேற்று இரவு ஓடியது, இன்று காலை ஒரே புள்ளியில் நிற்கிறது"

பல்லி. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சியைத் தேடி விளக்குக்கு நேர் கீழே உட்காரும், தண்டவாளத்தின் மேல் எச்சம் இடும். காய்ந்தால் அது நல்ல மின்காப்பு, எஞ்சின் சக்கரம் அதன் மேல் ஏறிய நொடியில் வண்டி நிற்கும். எச்சம் இருக்கிற திசையை வைத்து அம்மா பலன் சொல்வார். வடக்குப் பக்கம் விழுந்தால் லாபமாம், எனக்கு வடக்குப் பக்கத்தில்தான் பாயிண்ட் இருக்கிறது. விளக்கைப் பாதைக்கு நேர் மேலே இல்லாமல் நடைபாதைக்கு மேலே மாற்றினேன், முக்கால்வாசி குறைந்தது. மீதிக்கு, முதல் வண்டியை விடுவதற்கு முன்னால் ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. பாயிண்ட்டின் நகரும் நாக்குக்கு அடியில் பல் குத்தும் குச்சியை விட்டு இழுங்கள். ஒரு தடவை அங்கே ஒரு குட்டி வாலே மாட்டியிருந்தது.